மலை இறங்கும் லொறிக்கு எந்த பிரேக்கில் காசு போடலாம்?

கொழும்பிலிருந்து மலையகத்துக்கு லொறி ஓட்டுகிறவர்களின் தொழிலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேலே போகும்போது பல நேரம் அரை லோடுதான். கீழே வரும்போதுதான் முழு லோடு. தேயிலை ஏலத்துக்காகக் கொழும்புக் களஞ்சியங்களுக்கு இறங்குகிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்கு விடியுமுன் வந்து சேரவேண்டும். பாரம் கூடின நேரத்தில்தான் பள்ளமும் வருகிறது. எரிபொருள் பவுசருக்கு இது நேர்மாறு, நிறைய ஏற்றிக்கொண்டு ஏறி வெறுமையாக இறங்கும். ஆனால் அதுவும் நுவரெலியாவைத் தாண்டி பதுளைப் பக்கம் போனால் நிறைந்த தாங்கியோடு இறங்கத்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து லொறிக்காரர்கள் வாயில் ஒரே கேள்விதான். பழைய கென்டரையே (மிட்சுபிஷியின் சிறிய லொறி) செப்பனிட்டு ஓட்டுவதா, புதிதாக ஒன்று எடுப்பதா? எடுத்தால் ரிட்டார்டர், அதாவது கால் பிரேக் இல்லாமல் ஷாஃப்ட்டைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் கருவி, உள்ளதாக எடுப்பதா? புகைக்குழாயை அடைத்து எஞ்சினைக்கொண்டே பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் போதுமா? சாரதி நல்லவனாக இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்த எடை ஏழெட்டுத் தொன்னுக்குள் நிற்கும் லொறிக்கு, ஒழுங்காக வேலை செய்யும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் சரியான கியரும் போதும். ரிட்டார்டருக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. பதினாறு தொன்னும் அதற்கு மேலும் என்றால் கதை வேறு. கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதை எந்த எடைக்கும் நான் ஒரு தெரிவாகவே எடுக்கமாட்டேன். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஏழு தொன் லொறி ஒன்று உயரத்தில் 1,000 மீற்றர் இறங்குகிறது என்று வைப்போம். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கண்டி சுமார் 500 மீற்றரில். ஆகவே 1,000 மீற்றர் என்பது கூட்டிச் சொன்ன கணக்கல்ல. இந்த இறக்கத்தில் லொறி இழக்கும் சக்தி கிட்டத்தட்ட 69 மெகாஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 230 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு எண்ணெய் பீப்பாய் நிறையத் தண்ணீர், இன்னும் கொஞ்சம். காற்றும் டயரும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்காவது வெப்பமாகப் போய்த்தான் ஆகவேண்டும். பிரேக் ட்ரம்மில் போகிறதா, எஞ்சினில் போகிறதா, வேறொரு கருவியில் போகிறதா? நாம் தெரிவுசெய்வது உண்மையில் இதைத்தான்.

வெப்பத்தின் மொத்த அளவு வேகத்தால் மாறாது. அது எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் மாறும். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் இறங்கும் சாய்வில், அதே ஏழு தொன் லொறியை மணிக்கு 30 கிலோமீற்றரில் பிடித்துவைக்கச் சுமார் 40 கிலோவாட் தேவை. 20 கிலோமீற்றரில் என்றால் 27. நாற்பதுக்கு விட்டால் 53. பதினாறு தொன் வண்டி என்றால் முப்பதிலேயே 90 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒவ்வொரு கருவியையும் இவற்றோடுதான் ஒத்துப் பார்க்கப்போகிறோம்.

சரி, முதலில் கால் பிரேக். எல்லா வண்டியிலும் இருப்பது, தனியாகக் காசு கேட்காதது. அதனால்தான் இத்தனை பேர் அதையே நம்புகிறார்கள். கொழும்புக்குள் ஓட்டுவதற்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். ஆமர் வீதிச் சந்தியில் நிறுத்த, சிவப்பு விளக்கில் நிற்க, அதற்காகவே செய்தது. ஆனால் தொடர்ந்து அரைமணி நேரம் மிதித்தால் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் கெடும். ட்ரம் சூட்டில் விரியும், அதனால் உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் லைனர் அதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போகவேண்டியிருக்கும். லைனரின் பிடி குறையும். சிறிய லொறிகளில், அதாவது இசுசு எல்ஃப், கென்டர் போன்றவற்றில், பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விட்டுவிட்டால் பெடல் வெறுமனே தரைக்குப் போய்விடும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஒயிலுக்கு அதே தரவிதி கேட்பது 140 பாகை மட்டுமே. டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொழும்புக் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருஷக்கணக்காக மாற்றாத ஒயிலோடு மட்டக்குளியில் நிற்கும் லொறி ஊருக்குள் ஒரு குறையும் காட்டாது. இறம்பொடை இறக்கத்தில்தான் காட்டும்.

மிதிக்கிற விதத்திலும் ஒரு ஒப்பீடு இருக்கிறது. பெடலை இலேசாகத் தொட்டபடியே இறங்குவது ஒரு வகை. அழுத்தி, வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, வேகம் மறுபடி ஏறும்போது அழுத்துவது இன்னொரு வகை. இலேசாகத் தொட்டபடி இறங்குவதே மென்மையானது என்றுதான் பொதுவாக நினைப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் கனரக லொறிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. மொத்தச் சூடு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் காற்றழுத்த பிரேக் உள்ள வண்டியில் இலேசாகத் தொட்டால் எல்லாச் சில்லுகளும் ஒரே அளவு பிடிப்பதில்லை. முந்திப் பிடிக்கிற ஒன்றிரண்டு சில்லே முழு வேலையையும் செய்து கருகிவிடும். அழுத்திப் பிடித்தால் சூடு எல்லா ட்ரம்முக்கும் பங்காகும். அமெரிக்காவில் கனரகச் சாரதிகளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். 30 கிலோமீற்றர்தான் பாதுகாப்பான வேகம் என்று முடிவுசெய்தால், 30 வந்ததும் மூன்று விநாடிபோல் அழுத்தி 22க்குக் கொண்டுவந்து விடவேண்டும். திரும்ப 30 வந்தால் மறுபடி அதேபோல. வீணாகக் குத்திக்குத்தி மிதிப்பது இதல்ல. அப்படி மிதித்தால் தாங்கியிலிருக்கும் காற்றுத்தான் தீரும்.

சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றுவதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்வார்கள். சீனாவில் மலைப்பாதை லொறிகளுக்குத் தண்ணீர்த் தாங்கி வைத்து இறக்கம் முழுக்கச் சொட்டவிடும் வழக்கம் உண்டு. தொடக்கத்திலிருந்தே நனைப்பதற்கும், கொதிக்கிற வார்ப்பிரும்பில் ஒரு வாளி தண்ணீரை ஒரேயடியாக வீசுவதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவதில் ட்ரம் வெடிக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்ஃப், கென்டர் வகைகள் பலவற்றில் அது சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் உள்ள ஒற்றை ட்ரம்மைத்தான் பிடிக்கும். நின்ற வண்டியை நிறுத்திவைக்கத்தான் அது. ஓடுகிற ஏழு தொன்னை அதால் தாங்கமுடியாது.

அப்புறம் கியர். செலவே இல்லாத கருவி, நல்ல பயன். ஆனால் இதில்தான் நிறைய மூடநம்பிக்கையும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது அதில் முதலாவது. கியரில் வைத்து எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினைச் சில்லுகள்தான் சுற்றும், எரிபொருள் பாய்ச்சல் நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானாகச் சுற்றுவதற்கு டீசல் வேண்டும். ஆக இறக்கத்தில் நியூட்ரல் விடுகிறவர் எஞ்சினின் பிடியையும் இழக்கிறார், டீசலையும் எரிக்கிறார்.

'ஏறின கியரிலேயே இறங்கு' என்பது பழைய சாரதிகளின் வாக்கு. பழைய வண்டிக்கு அது சரிதான். இன்றைய எஞ்சின்களுக்கு வலு கூடியதால் மேலே ஏறும்போதே பெரிய கியரில் ஏறிவிடலாம், உள்ளே உராய்வும் குறைவு. அதனால் ஏறின கியரைவிட ஒன்று கீழே போட்டு இறங்கவேண்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, வண்டி வாங்கும்போது யோசிக்கவேண்டியது. எஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பது குதிரைவலுவைப் பொறுத்ததல்ல, கொள்ளளவைப் பொறுத்தது. பழைய கென்டரின் 4எம்51 எஞ்சின் 5.2 லீற்றர். 2010க்குப் பிறகு வந்த 4பி10 எஞ்சின் 3 லீற்றர், டர்போ. எல்ஃபிலும் இதே கதைதான், 4எச்எல்1 எஞ்சின் 4.8 லீற்றர், 4ஜேஜே1 எஞ்சின் 3 லீற்றர். புதியது மேலே இழுக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே வரும்போதுதான் எக்ஸோஸ்ட் பிரேக் இல்லாவிட்டால் வண்டி நழுவி ஓடுவதுபோல இருக்கும். பழைய பெரிய எஞ்சினிலிருந்து புதிய சிறிய எஞ்சினுக்கு மாறின சாரதி முதல் பயணத்திலேயே இதை உணர்வார்.

கியரை உச்சியிலேயே போட்டுக்கொள்ளவேண்டும். இறங்கத் தொடங்கி வேகம் ஏறினபின் குறைந்த கியருக்குப் போகப் பார்த்தால், கிளட்சை மிதித்த கணத்தில் வண்டி இன்னும் வேகமெடுக்கும், கீழ்க் கியர் ஏறாது, விட்ட கியரும் திரும்ப ஏறாது. கைக்கு மிஞ்சுவது நியூட்ரல்தான்.

இனி எக்ஸோஸ்ட் பிரேக். ஜப்பான் லொறிகளில் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. ஸ்டீயரிங் பக்கத்துக் கம்பியை இழுத்தால் டாஷில் ஒரு விளக்கு எரியும். அதன் வேலை எளிது. புகைக்குழாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. எக்ஸிலேட்டரை விட்டதும் அது குழாயை அடைக்கும். வெளியே போகமுடியாத காற்று பிஸ்டனைத் தள்ளி எதிர்க்கும். சிறிய லொறிகளில் அந்தத் தகட்டை வெற்றிட அழுத்தத்தால் இழுப்பார்கள், பெரியவற்றில் காற்றழுத்தத்தால்.

எவ்வளவு பிடிக்கும்? குழாயில் 3 பார் (காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு) பின்னழுத்தம் நிற்கிறது என்று வைத்தால், 5.2 லீற்றர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,800 சுற்றில் சுமார் 37 கிலோவாட்டைத் தின்னும். 3 லீற்றர் எஞ்சின் அதே சுற்றில் 21. இதற்கு மேல் எஞ்சினின் சொந்த உராய்வு வேறு. முன்னே சொன்ன எண்களை இப்போது பாருங்கள். ஏழு தொன்னை மணிக்கு 30 கிலோமீற்றரில் பிடிக்க 40 வேண்டும் என்றோம். பெரிய எஞ்சின் அதைக் கிட்டத்தட்டத் தனியாகவே சமாளிக்கும். சிறிய எஞ்சின் 20 கிலோமீற்றரில் சமாளிக்கும், முப்பதில் கால் பிரேக்கின் உதவி கொஞ்சம் வேண்டும். ஆனால் இதெல்லாம் 2,800 சுற்றில். 1,400 சுற்றில் உருட்டிக்கொண்டு வந்தால் பாதிக்கும் குறைவுதான் கிடைக்கும். 'எக்ஸோஸ்ட் போட்டேன், பிடிக்கவில்லை' என்று சொல்கிறவர்களில் அனேகம்பேர் பெரிய கியரில் போட்டவர்கள்.

"முதலாளி, எக்ஸோஸ்ட் போட்டா எஞ்சின் அடிபட்டுரும்" என்று சொல்லி அந்தக் கம்பியைத் தொடாமலே ஓட்டுகிற அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். தொழிற்சாலை பொருத்திய எக்ஸோஸ்ட் பிரேக்கால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மீற்றரில் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுற்றவிட்டால்தான் ஆபத்து. ஆனால் அவர்கள் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. எக்ஸோஸ்ட் இல்லாத வண்டிக்கு வெளியே எங்கோ எடுத்த ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால், பின்னழுத்தம் எல்லை மீறி வால்வுகளின் ஸ்பிரிங்கை வென்று, மூடவேண்டிய நேரத்தில் வால்வைத் திறந்துவிடலாம். அந்த எஞ்சினுக்கென்று செய்யாததை மாட்டவேண்டாம்.

பழைய வண்டியில் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இதுதான் கொழும்பில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய நிலைமை. பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றில் கழற்றிவைத்த தகட்டுப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே கரி இறுகி, தகடு பாதி திறந்த நிலையில் சிக்கியிருந்தது. அதன் அச்சு துருப்பிடித்து அசையவில்லை. மெக்கானிக் பாஸ் ஒரு கையால் பெட்டியைப் பிடித்து மறுகையால் தடியை இழுத்துக் காட்டினார், ஒரு நூல்கூட நகரவில்லை. பக்கத்தில் கிடந்த வெற்றிடக் குழாயில் மூன்று வெடிப்பு. "இதை வச்சிக்கொண்டுதான் தம்பி ஹற்றனுக்குப் போய் வந்திருக்கிறாங்க" என்றார். விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்ததாம். டாஷில் விளக்கு எரிவது சுவிட்ச் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

சுத்தம் செய்து குழாயை மாற்றி, கிளட்ச் பெடலிலும் எக்ஸிலேட்டரிலும் உள்ள சுவிட்சுகளைச் சரிபார்க்கும் செலவு, ஒரு செட் டயர் போடும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. லைனர் தேய்வது குறைவதிலேயே அந்தக் காசு திரும்பிவிடும். பழைய கென்டர் வைத்திருப்பவருக்கு என் வாக்கு இதற்குத்தான். மற்ற எந்தத் தெரிவும் இதற்குப் பிறகுதான்.

கம்ப்ரஷன் பிரேக் அடுத்த படி. 'ஜேக் பிரேக்' என்று அமெரிக்காவில் சொல்வது. எஞ்சின் பொறியியலாளர் கிளெஸி கமின்ஸ் 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லொறியில் இறங்கும்போது பிரேக் கைவிட்டு, மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவம் பின்னால் இந்தக் கருவியாக மாறி 1961இல் சந்தைக்கு வந்தது. பிஸ்டன் காற்றை இறுக்கி முடித்த கணத்தில் வெளி வால்வைத் திறந்துவிடும். இறுக்கச் செலவான சக்தி திரும்பி வராமல் புகைக்குழாய் வழியே போய்விடும். எக்ஸோஸ்டைவிட நன்றாகவே பிடிக்கும், சத்தமும் அதற்கேற்றபடி. ஆனால் இது எஞ்சினின் தலைக்குள் இருக்கும் கருவி, பிறகு எளிதாக வாங்கி மாட்டுகிற சாமான் அல்ல. கனரக எஞ்சின்களில்தான் பெரும்பாலும் வரும். கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர் அல்லது பத்துச் சில்லு லொறி வாங்குகிறவர், இரண்டு வண்டிகள் விலையில் கிட்ட இருந்தால், இது உள்ளதை எடுக்கட்டும். சிறிய லொறிக்காரர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ரிட்டார்டர் இரண்டு வகை. மின்காந்த ரிட்டார்டரில், ஷாஃப்ட்டோடு சுற்றும் இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் மின்சுருள்கள் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் தட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதை எதிர்க்கும். உராய்வே இல்லை, தேய்மானமும் இல்லை. குறைந்த வேகத்திலும் நல்ல பிடி, வளைந்து வளைந்து இறங்கும் நம் பாதைகளுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் கனம் நூற்றுக்கணக்கான கிலோ. அவ்வளவு தேயிலையை ஏற்றாமல் விடுகிறீர்கள் என்று பொருள். மின்சாரமும் நிறையக் குடிக்கும். தட்டு சூடேறினால் பிடியும் குறையும்.

ஹைட்ரோலிக் ரிட்டார்டர் ஒயிலைக் கலக்கி எதிர்ப்பை உண்டாக்கும், அந்தச் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்குக் கொடுக்கும். கனம் குறைவு, தொடர்ந்து நீண்ட நேரம் பிடிக்கும். மெதுவாக உருளும்போது வலு குறைவு. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால் இறக்கத்தில் எஞ்சின் சூடாகிறது என்ற விசித்திரத்தையும் பார்க்கலாம். ஜெர்மனியின் வோய்த், இசட்எஃப் போன்ற கம்பனிகள் செய்வது இந்த வகை. மின்காந்த வகைக்குப் பிரான்சின் டெல்மா பேர்போனது.

இவை யாருக்கு? பதினாறு தொன்னுக்கு 90 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும் என்று பார்த்தோம். அதை எக்ஸோஸ்ட் மட்டும் தாங்காது. தினமும் மலை இறங்கும் கனரக லொறிக்கும், ஆட்களை ஏற்றும் பெரிய பஸ்ஸுக்கும் ரிட்டார்டர் ஆடம்பரம் இல்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதே வருஷம் செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு இந்த வீதிகளில் இறங்கும் வண்டிக்குக் கால் பிரேக்கைத் தவிர இன்னொரு பிடி வேண்டும் என்பதற்கு வேறு வாதம் எதற்கு?

ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த வண்டிகளின் பத்திரங்களில் ஐ.நா.வின் 13ஆம் பிரேக் ஒழுங்குவிதியைப் பார்த்திருப்பீர்கள். அதில் இறக்கச் சோதனை ஒன்று உண்டு. ஆறு சதவீதச் சாய்வில், மணிக்கு 30 கிலோமீற்றரில், ஆறு கிலோமீற்றர். சில வகைப் பெரிய வண்டிகளுக்கு ஏழு சதவீதம், அதுவும் கால் பிரேக்கைத் தொடாமலே. விற்பனையாளர் அதைக் காட்டி 'சான்றிதழ் இருக்கு' என்றால் சந்தோஷம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஏ-5 வீதியில் இடைக்கிடை ஏற்றம் வந்தாலும், இறக்கம் ஆறு கிலோமீற்றரில் முடிவதில்லை. அதுமுடிந்து, பேராதனையில் மூச்சுவிட்டு, கொழும்பை நோக்கித் திரும்பினால் கடுகண்ணாவை காத்திருக்கிறது. சோதனைக் களத்தைவிட நம் வீதி கடினமானது.

எல்லாத் துணை பிரேக்குக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. எக்ஸோஸ்டோ கம்ப்ரஷனோ ரிட்டார்டரோ, எதுவானாலும் பிடிப்பது பின்சில்லுகளை மட்டும்தான். முழு லோடு இருந்தால் பின்சில்லு தரையை நன்றாகக் கவ்வும். வெறும் வண்டி, தேய்ந்த டயர், மழைக்கு நனைந்த வளைவு மூன்றும் சேர்ந்தால், துணை பிரேக்கே பின்பக்கத்தை வழுக்கவைக்கும். மழையில் வெறுமையாக இறங்கும்போது எக்ஸோஸ்டை அணைத்து, குறைந்த கியரிலும் கால் பிரேக்கிலும் மெதுவாக வருவதுதான் சரி. சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் பலவற்றில் சில்லு பூட்டத் தொடங்கினால் ரிட்டார்டர் தானே விட்டுவிடும். பழைய வண்டியில் அந்த வேலையைச் சாரதிதான் செய்யவேண்டும்.

தானியங்கி கியர் லொறிகள் இப்போது நிறைய வருகின்றன. கென்டரில் டுவோனிக், எல்ஃபில் ஸ்மூதர். நகர நெரிசலுக்கு அருமை. இறக்கத்தில் 'டி'யில் விட்டுவிட்டு இருந்தால் அது தன் இஷ்டத்துக்கு மேல் கியருக்குப் போகப் பார்க்கும், மெனுவலுக்கு மாற்றிக் கியரைப் பூட்டவேண்டும். சாரதிக்கு அதைச் சொல்லிக்கொடுக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஹைபிரிட், மின்சார லொறிகளில் மோட்டார் பிடித்து பட்டரிக்குச் சக்தியை அனுப்பும். பட்டரி நிறைந்தால் அனுப்ப இடமில்லை. மேலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால் அந்தப் பிடி தொடக்கத்திலேயே கிடைக்காது.

பாதையும் ஒரு தெரிவுதான். கொழும்புக்கு வர ஏ-7 வீதியால் தலவாக்கலை, ஹற்றன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கலாம், அல்லது இறம்பொடை, கண்டி வீதி என்று வரலாம். நேரத்தைப் பார்த்து, மழையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நானுஓயா ராதெல்ல குறுக்குப் பாதை மட்டும் வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்துபோனார்கள்.

சாரதியின் சம்பளத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், சீக்கிரம் வந்து அடுத்த லோடு ஏற்றத்தான் யாரும் பார்ப்பார்கள். செங்குத்தான பகுதி 15 கிலோமீற்றர் என்று வைப்போம். முப்பதில் வந்தால் அரை மணி, இருபதில் வந்தால் முக்கால் மணி. வித்தியாசம் 15 நிமிஷம். அந்தக் கால் மணி நேரம் எஞ்சின் தாங்கவேண்டியதை 40 கிலோவாட்டிலிருந்து 27க்கு இறக்கிவிடுகிறது. எந்தக் கடையிலும் இவ்வளவு மலிவாக ஒரு ரிட்டார்டர் கிடைக்காது. ஆனால் அந்த 15 நிமிஷத்துக்கு முதலாளி காசு கொடுக்கத் தயாரா என்பது வேறு கேள்வி. மெனிங் சந்தையில் லொறி பிந்தினால் விலை விழும் என்று தொலைபேசியில் விரட்டுகிறவர், வண்டிக்கு எந்தக் கருவி வாங்கிப் போட்டும் பயனில்லை.

ஆக ஏழு தொன் கென்டர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் எக்ஸோஸ்டைச் செப்பனிடுங்கள், பிரேக் ஒயிலை மாற்றுங்கள். புதிதாக அதே அளவு வண்டி எடுப்பதென்றால், மலைக்கு மட்டும் ஓடுமானால், பழைய பெரிய எஞ்சின் உள்ளதைத் தேடுவதில் தப்பில்லை. ஊருக்குள்ளும் மலைக்கும் கலந்து ஓடுமானால் புதிய சிறிய எஞ்சின் டீசலில் மிச்சம் தரும், இறங்கும்போது ஒரு கியர் கீழே போட்டால் சரி. பத்துச் சில்லுக்கு கம்ப்ரஷன் பிரேக் அல்லது ரிட்டார்டர், இரண்டில் எது கிடைத்தாலும். இரண்டும் இல்லாத பத்துச் சில்லு மலிவாக வந்தால் அதைச் சமவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பதற்கு மலை வரை போகத் தேவையில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து களனிப் பாலத்து ஏற்றம்போல் ஒரு சிறு சரிவு போதும். மூன்றாம் கியரில் 2,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோய்க் காலை எடுங்கள், முதலில் எக்ஸோஸ்ட் இல்லாமல், பிறகு கம்பியை இழுத்து. இரண்டாவது முறை முதுகு ஆசனத்திலிருந்து சற்று முன்னே வரவேண்டும், எஞ்சின் சத்தம் அடைத்து இறங்கவேண்டும், கிளட்சைத் தொட்டதும் 'புஸ்' என்று விடவேண்டும். விளக்கு மட்டும் எரிந்து வேறொன்றும் நடக்கவில்லை என்றால், திருத்தும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.